திருப்பலியில் கைதட்டலா, அமைதியா?

கத்தோலிக்கர்களின் திருப்பலி வழிபாட்டில் கைதட்டலை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது விவிலியத்தின் திருப்பாடல் 47. மக்களினங்களைக் கைகொட்டி ஆர்ப்பரிக்க அழைக்கும் பாடல் அது. ஆனால் அங்கே தட்டுவது கடவுளுக்கு. கீபோர்டு வாசித்த தம்பிக்கு அல்ல. அவர்களுடைய வலுவான சான்று, ஒருவரைக் குருவாக்கும் குருப்பட்டச் சடங்குதான். அவரைத் தேர்ந்துகொண்டதாக ஆயர் (பிஷப்) அறிவித்ததும் மக்கள் 'இறைவனுக்கு நன்றி' என்று சொல்லியோ, ஊர் வழக்கப்படியோ இசைவு தெரிவிக்கலாம் என்று சடங்குமுறையே இடம் தருகிறது. பல இடங்களில் அந்த வழக்கம் கைதட்டல்தான்.

எதிர்ப்பக்கத்தின் பெரிய குரல், பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன ஜோசப் ராட்சிங்கர். மனிதச் சாதனைக்காக வழிபாட்டில் கைதட்டல் எழுந்தால் வழிபாட்டின் சாரமே போய்விட்டதென்று 2000-இல் எழுதியவர். வேடிக்கை என்னவென்றால், 2005 ஏப்ரல் 8 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலின் அடக்கத் திருப்பலியில் அவர் மறையுரை (பிரசங்கம்) ஆற்றும்போதே கூட்டம் திரும்பத் திரும்பக் கைதட்டியது.

நம் பங்குக் கோவில்களில் சிக்கல் நற்கருணை அப்பம் வாங்கிய பிறகுதான். கண்ணை மூடிச் செபிக்க உட்கார்ந்தால் மைக்கில் குரல்: "பாடகர் குழுவுக்கு ஒரு பலத்த கைதட்டு!" அடுத்து பீடம் அலங்கரித்த சிஸ்டர்களுக்கு, பிறகு நன்கொடை தந்த குடும்பத்துக்கு. யாரையாவது விட்டுவிட்டால் மனத்தாங்கல் வேறு.

என்னைக் கேட்டால், குருப்பட்டத்திலும் திருமணத்திலும் தட்டட்டும். அது சபையின் சம்மதம். பாடகர்களுக்கான நன்றியை இறுதி ஆசீர் முடிந்து வெளியே வந்து சொல்லலாம். மறையுரைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். தட்டினால் ஃபாதர் அடுத்த ஞாயிறு இன்னும் பத்து நிமிடம் நீட்டிவிடுவார்.