உட்கார முடியாதவன் போடும் நாலு ஸ்டார்

ஆலங்குளத்திலிருந்து நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறவன் நான். வால் எலும்புக்கு நேராக, பிளவு தொடங்கும் இடத்தில் ஒரு கட்டி வந்தது. அம்மா "சூட்டுக் கட்டிதாம்ல" என்று விளக்கெண்ணெய் தடவினாள். மெடிக்கலில் மூலம் என்று மாத்திரை கொடுத்தார்கள். சீழ் உடையும், வற்றும், அடுத்த மாதம் மறுபடி வீங்கும்.

கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பக்கம் ஒரு சர்ஜன் கிளினிக். டாக்டர் குப்புறப் படுக்க வைத்து, என் போனிலேயே படம் எடுத்துக் காட்டினார். கட்டிக்குக் கீழே, நடுக்கோட்டில், ஊசி குத்தியது போல மூன்று துளை. ஒன்றில் முடி நீட்டிக்கொண்டிருந்தது. சாமணத்தால் இழுத்தார். தேங்காய் நார் மாதிரி ஒரு கற்றை வந்தது!

"மூலமும் பவுத்திரமும் ஆசனவாயை ஒட்டி வரும் தம்பி. இது மேலே இருக்கு. பைலோனிடல் சைனஸ்" என்றார். உதிர்ந்த முடி தோலுக்குள் குத்தி இறங்கிக் கூடு கட்டுமாம். லத்தீனில் பெயரே முடி, கூடு என்றுதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஏகப்பட்ட பேருக்கு வந்து, 'ஜீப் வியாதி' என்றே பெயராகிவிட்டதாம். என் குட்டியானை மட்டும் என்ன, மெத்தையிலா ஓடுகிறது?

அன்று கீறி சீழை மட்டும் எடுத்தார். மரத்துப்போகப் போட்ட ஊசியில்தான் உயிர் போனது. உள்ளே கூடு இருக்கும்வரை மாத்திரை எடுபடாது என்பதால் அப்புறம் ஆபரேஷன். பக்கத்துச் சதையைத் திருப்பித் தைப்பதும் உண்டு. எனக்குத் தைக்காமல், அடியிலிருந்து ஆறட்டும் என்று திறந்தே விட்டார்கள்.

டிரஸ்ஸிங் போடும் நர்ஸ் அக்காவுக்கே மூன்று ஸ்டார். ஒட்டிய துணியை வெடுக்கென்று பிய்க்க மாட்டார். சலைன் ஊற்றி ஊறவிட்டு, "மூச்சைப் பிடிக்காத தம்பி" என்று ஊர்க்கதை பேசிக்கொண்டே எடுத்துவிடுவார்.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? புண் ஆற ஏழு வாரம் ஆகும், டிரஸ்ஸிங்குக்குத் தனி பில் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அத்தனை நாளும் வண்டி நின்றது, டியூ நிற்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் முடி வளரவிடக் கூடாது என்று உத்தரவு. என் கை எட்டாது. மாதம் இரண்டு தடவை தம்பி ட்ரிம்மர் போடுகிறான், ஒவ்வொரு தடவையும் ஒரு பிரியாணி வாங்கிக்கொண்டு.

போகிறவர்கள் டோக்கனைக் காலையிலேயே போட்டுவிடுங்கள். அங்கே இருப்பது இரும்பு நாற்காலி. என்னைப் போல நாலு பேர் எப்போதும் சுவரோரம் நின்றுகொண்டிருப்பார்கள்.