சுலபமான பாட்டு என்று சொல்லும் கிதார் வகுப்பு: கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் கவனம்

கும்பகோணத்தில் ஒரு கிதார் வகுப்பில் தங்கையைச் சேர்த்தோம். ‘புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரே மாதத்தில் 20 சுலபமான பாட்டு’ என்பது விளம்பரம். கிதாரையும் அவர்களிடமே வாங்க வேண்டும். பாட்டுப் புத்தகம், ஃபீஸ் எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். குறுவை அறுத்த காசில் அப்பா மொத்தமாகக் கட்டினார்.

புத்தகம் என்று தந்தது இணையத்திலிருந்து எடுத்து ஜெராக்ஸ் போட்ட தாள்கள். முதல் பாட்டிலேயே எஃப், பி ஃபிளாட் என்ற கார்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் விரல் பிடிகள். இரண்டும் ஆட்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்துகிற பார் கார்ட். பழகியவர்களே ஆரம்பத்தில் திணறியிருப்பார்கள். இத்தனைக்கும் அதே பாட்டுக்கு மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) கேப்போ என்ற கிளிப்பை எல்லாக் கம்பிகளையும் அழுத்துகிற மாதிரி மாட்டினால் எஃப், பி ஃபிளாட், சி மூன்றுக்கும் பதிலாக டி, ஜி, ஏ பிடித்தால் போதும். ஸ்ருதியும் மாறாது. கேப்போ என்ற பேச்சே அங்கே எழவில்லை.

கிதார் இன்னும் மோசம். தங்கைக்கு விரல் நுனியில் தோல் உரிந்துவிட்டது. கேட்டால், “எல்லாருக்கும் அப்படித்தான் சார், காய்த்துப்போனா சரியாயிடும்” என்றார்கள். நாகப்பட்டினத்தில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் நண்பரிடம் காட்டினேன். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி நாலு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றது. இரண்டு, இரண்டரை இருந்தாலே போதுமாம். ஸ்டீல் கம்பி முதலில் வலிக்கும், அது உண்மை. ஆனால் இது கிதாரில் உள்ள கோளாறு. கம்பிகளை அடிப்பக்கத்தில் தாங்கும் சேடிலைத் தேய்த்து, கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி அவரே சரிசெய்து கொடுத்தார்.

இப்போது அவரிடம்தான் படிக்கிறாள். முதலில் ஈ மைனர், ஜி, சி, டி நான்கையும் மாற்றி மாற்றிப் பிடிக்கப் பழக்கினார். அப்புறம் ஹேப்பி பர்த்டே. ஜி, டி, சி மூன்றே கார்ட். அதை வீட்டில் வாசித்துக் காட்டியபோது அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். சுலபமான பாட்டு என்றால் இதுதான்.

எங்கே சேர்த்தாலும் பணம் கட்டும் முன் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முதல் சில பாட்டுகளிலேயே எஃப், பி மைனர் மாதிரி பார் கார்ட் வந்தால் அது புதியவர்களுக்கானது இல்லை. கிதார் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய்க் கம்பியை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

“கட்டின பணம் ரிட்டர்ன் கிடையாது” என்று அந்த வகுப்பில் கையை விரித்துவிட்டார்கள். ரசீதும் இல்லை. ஜிபேயில் அனுப்பிய விவரத்தை வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பதில் வரவில்லை என்றால் அடுத்தது தஞ்சாவூர் நுகர்வோர் ஆணையம்தான்.