பேச ஆள் கிடைக்கிறது, அவசரத்துக்கு உதவாது: ஒரு மனநல ஆலோசனைச் செயலி

தூக்கம் கெட்டுப்போய், நேரில் மருத்துவரைப் பார்க்க ஏழு வாரம் ஆகும் என்று சொன்னதால்தான் இந்தச் செயலிக்கே வந்தேன். பெயர் வேண்டாம். முதலில் பிஹெச்க்யூ-9, அதாவது மனச்சோர்வை அளக்க, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண், அதுவரை சரி. ஆனால் ஒன்பதாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது, அதற்கு 'சில நாட்கள்' என்று போட்டேன், பதிலுக்கு ஒரு மனிதக் குரல் வரும் என்று பார்த்தால் மூச்சுப்பயிற்சி வீடியோ வந்தது!

அப்புறம் கிடைத்த ஆலோசகர் பொறுமையாகக் கேட்டார், அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரம் ஆள் மாறிவிட்டார், புதியவரிடம் மொத்தக் கதையும் மறுபடி முதலிலிருந்து.

தீவிர மனநோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று விதிமுறையிலேயே இருக்கிறது. அவர்கள் எங்கே போவார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, சைக்கோசிஸ் (நிஜம் எது, மாயை எது என்று பிரித்தறிய முடியாத தீவிர மனநோய்) உள்ளவர்களில் பணக்கார நாடுகளில் 70% பேருக்குச் சிகிச்சை கிடைக்கிறது, ஏழை நாடுகளில் வெறும் 12% பேருக்கு.

லேசான பதற்றம், வேலை அலுப்பு என்றால் முயன்று பாருங்கள். ஐந்துக்கு இரண்டரை, அதுவும் அந்த முதல் ஆலோசகருக்காக.