'பொலிஸிலிருந்து கதைக்கிறோம்' என்று வரும் கோல்: லண்டனில் வயதான பெற்றோர் உள்ளவர்கள் கட்டாயம் வாசிக்கவும்

பகலில் அம்மா, அப்பா, மாமி, மாமா யாராவது வீட்டில் தனியே இருக்கிறார்கள் என்றால் இதை வாசித்துவிட்டு இன்றைக்கே அவர்களிடம் கதையுங்கள். பொலிஸ் என்று சொல்லி என் மாமியிடம் சேமிப்புக் காசையும் காப்புகளையும் ஓர் அட்டியலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் வீட்டு லைனுக்கு ஒரு கோல். நல்ல மரியாதையான குரல். "உங்கள் பெயரில் பாங்க் கார்ட் வைத்திருந்த ஒருவனைப் பிடித்திருக்கிறோம், பாங்கில் வேலை செய்பவர்களும் இதில் கூட்டு, அதனால் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதீர்கள்" என்றிருக்கிறான். சந்தேகம் என்றால் போனை வைத்துவிட்டு அவசர இலக்கமான 999க்கு எடுத்துக் கேளுங்கள் என்றும் அவனே சொன்னான். மாமி வைத்தார், ஆனால் அந்தப் பக்கம் அவன் வைக்கவில்லை. லைன் வெட்டுப்படாமலே இருந்ததால் மாமி 999 அழுத்தியதும் அதே கூட்டத்துப் பெண் ஒருத்தி எடுத்து, ஓம், அவர் எங்கள் அதிகாரிதான் என்று அவனுடைய பொலிஸ் அடையாள இலக்கம் என்று ஒன்றையும் வாசித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகும் மாமி லேசில் நம்பவில்லை. "நான் ஸ்டேஷனுக்கு வந்து நேரில் கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவன் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. "அந்த ஸ்டேஷனை மூடிவிட்டார்கள் அம்மா, உங்களுக்கே தெரியும்தானே, இப்போது எல்லாம் போனில்தான்." அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை, அந்த ஒன்றுக்காகத்தான் மாமி மற்றதையெல்லாம் நம்பினார். பாஸ்போர்ட் தொலைந்த நேரம் அவர் நடந்து போய் முறைப்பாடு கொடுத்த கட்டடம் அது. இப்போது அங்கே ஃப்ளாட்டுகள்.

2010க்குப் பிறகு அரசாங்கம் சிக்கனம் என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 20,000க்கும் மேற்பட்ட பொலிஸாரைக் குறைத்தார்கள். பிறகு 2019இல் 20,000 பேரை எடுக்கப்போகிறோம் என்று அறிவித்து 2023 மார்ச்சுக்குள் எடுத்தும் விட்டார்கள், அதைப் பெரிதாகச் சொல்லியும் கொண்டார்கள், ஆனால் அனுபவத்தோடு போனவர்களின் இடத்துக்கு வந்தவர்கள் புதியவர்கள், தெருவில் நடந்து திரியும் பிசிஎஸ்ஓக்கள் (பொலிஸுக்கு உதவும் சமூக அலுவலர்கள்) 2010இல் இருந்ததில் பாதிகூட இல்லை, விற்ற ஸ்டேஷன்களும் திரும்ப வரவில்லை. லண்டனில் ஒரு பரோவுக்கு (நகராட்சிப் பகுதிக்கு) பொதுமக்கள் நேரில் போய் முறையிடும் ஒரு 24 மணிநேரக் கவுண்டர் போதும் என்று 2017இல் முடிவெடுத்தார்கள். 2025இல் அதையும் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். கவுண்டருக்கு வருகிறவர்கள் குறைவு, பெரும்பாலோர் போனிலும் ஒன்லைனிலும் முறையிடுகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். என் மாமி மாதிரி ஆங்கிலத்தில் ஃபோர்ம் நிரப்ப முடியாதவர்கள் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்?

சரி, பறிபோன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். அவசரமில்லாத முறைப்பாடுகளுக்கான பொலிஸ் இலக்கமான 101க்கு எடுத்துக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஒன்லைனில் பதியச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி கவுண்டர் இருக்கும் ஸ்டேஷனுக்கு மாமியைக் கூட்டிப் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரும் அதையேதான் சொன்னார். பொருளை வாங்க வந்தவனின் டாக்ஸி எதிர்வீட்டு டோர்பெல் கமராவில் தெளிவாக விழுந்திருந்தது. அதைக் கேட்டுப் பொலிஸ் அதிகாரி ஒருவர் வந்து சேர்வதற்குள் அந்தப் பதிவு தானாகவே அழிந்துவிட்டது. ஒரு கேஸ் நம்பர், பிறகு 'மேற்கொண்டு விசாரிக்க வழியில்லை' என்று ஒரு மின்னஞ்சல். வந்த அதிகாரி நல்ல மனிதர்தான், அவர் தலையில் எத்தனை கேஸ் என்று முகத்திலேயே தெரிந்தது.

பாங்கும் கைவிரித்துவிட்டது. 2024 ஒக்டோபரிலிருந்து ஏமாற்றுக்காரருக்குப் பணம் மாற்றியிருந்தால் 85,000 பவுண்ட் வரை பாங்க் திருப்பித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது, ஆனால் அது பிரித்தானியாவுக்குள் கணக்கிலிருந்து கணக்குக்குப் போன காசுக்குத்தான். கையில் எடுத்துக் கொடுத்த காசுக்கும் நகைக்கும் அது இல்லை. அதனால்தான் இந்தக் கூட்டம் காசாகவும் தங்கமாகவும் கேட்கிறது.

வீட்டில் சொல்லி வையுங்கள்: உண்மையான பொலிஸ் ஒருபோதும் காசு எடுத்துத் தரச் சொல்லாது, நகை கேட்காது, பின் நம்பர் கேட்காது, வீட்டுக்கு ஆள் அனுப்பி எதையும் வாங்காது. சரிபார்ப்பதென்றால் வேறு போனிலிருந்து எடுக்க வேண்டும், பாங்கை 159இல் பிடிக்கலாம். ஆள் வந்துகொண்டிருக்கிறான் அல்லது இப்போதுதான் போனான் என்றால் 101 அல்ல, 999. 'டமில்' என்று மொழியைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை லைனில் சேர்ப்பார்கள். கமராப் பதிவு இருந்தால் பொலிஸ் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே பிரதி எடுங்கள். உங்கள் வார்டுக்குரிய பொலிஸாரின் மின்னஞ்சல் அவர்களின் இணையதளத்தில் இருக்கும், இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கேஸை மூடுகிறோம் என்று கடிதம் வந்தால் மீளாய்வு கேட்டு எழுதுங்கள். நாங்கள் எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று. ஒருமுறை இழந்தவர்களின் நம்பரை இவர்கள் விடுவதில்லை, 'உங்கள் காசை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்' என்று திரும்பவும் எடுப்பார்கள். மாமிக்கும் போன கிழமை எடுத்தார்கள்.