மழை லீவுக்கு ஈடு: சனிக்கிழமையா, கூடுதல் அரை மணியா, ஆன்லைனா?

வடகிழக்குப் பருவமழை நாளில் கலெக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று விடியும் முன்பே டிவி முன்னால் உட்கார்ந்துவிடும் பிள்ளைகளுக்கு அன்றைய லீவு மட்டும்தான் கணக்கு. அந்த நாளை எங்கிருந்து மீட்பது என்பது தலைமை ஆசிரியரின் தலைவலி. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள் அல்லவா? ஆறு முதல் எட்டு வரை 220. அதே சட்டம் மணிக்கணக்கும் சொல்கிறது: முதல் பிரிவுக்கு 800 மணி, அடுத்ததற்கு 1000. நம் ஊரில் பேச்செல்லாம் நாட்கணக்கில்தான்.

அதனால்தான் சனிக்கிழமை வகுப்பு முதலில் வருகிறது. விட்டுப்போன கிழமையின் பாடவேளையை அன்றைக்கு நடத்தினால் பதிவேடு நேராகிவிடும். சத்துணவும் கிடைக்கும், இதை லேசாக நினைக்க வேண்டாம். ஆனால் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருந்தால் ஆசிரியர் புதுப் பாடத்தைத் தொடங்குவாரா? பழையதையே திருப்பிப் பார்த்து மணி அடிக்கும்வரை ஓட்டுவார். நான்கைந்து சனி அடுத்தடுத்து வந்தால் வருகிற பிள்ளைகளும் களைத்துவிடுகிறார்கள். நாள் திரும்பக் கிடைக்கிறது, பாடம் கிடைப்பது சந்தேகம்.

தினமும் அரை மணி கூட்டுவது எனக்குப் பிடித்த வழி. 1000 மணியை 220 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு நாலரை மணி. ஒன்பது நாள் அரை மணி கூட்டினால் ஒரு மழை நாள் தீர்ந்தது. வகுப்பும் நிறைந்திருக்கும். பனியால் பள்ளி மூடும் அமெரிக்காவின் ஒகையோ மாநிலம் 2014-15இல் நாட்கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கே மாறிவிட்டது. இங்கே இடிப்பது பஸ். சாயங்கால டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாத கிராமத்துப் பிள்ளைக்கு, அதுவும் சீக்கிரம் இருட்டும் கார்த்திகை மார்கழியில், இந்த அரை மணி பெரிய விஷயம். ஆகவே, பெரும்பாலான பிள்ளைகள் நடந்தே வரும் பள்ளிகளுக்கு மட்டும்தான் இது சரிப்படும்.

ஆன்லைன் வகுப்பு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியை மூடவைத்த அதே மழைதான் கரண்ட்டையும் டவரையும் சாய்க்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரமே இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பது தனிக்கதை. சரி, வசதியான ஊரிலாவது ஓடுகிறதா? 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரம் பனிப்புயலுக்காகப் பள்ளிகளை ஆன்லைனுக்கு மாற்றியது. காலையில் ஏராளமான மாணவர்களால் உள்ளே நுழையவே முடியவில்லை.

அப்புறம், தேர்வைத் தள்ளிவைப்பது. 2015 பெருவெள்ளத்தின்போது சென்னை மாவட்டத்தில் அரையாண்டுத் தேர்வு 2016 ஜனவரிக்குப் போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தென் மாவட்டங்கள் மூழ்கியபோதும் அங்கே அதுதான் நடந்தது. புத்தகமே நனைந்து போன பிள்ளைக்குப் புதுப் புத்தகம் கைக்கு வரும்வரை மூச்சுவிட இடம் கொடுப்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு மார்ச் வாக்கில் அங்கேயே நிற்கிறது. அரையாண்டு தள்ளினால் அடுத்து வரும் திருப்புதல் தேர்வுகள்தான் நெருக்கப்படும். போர்ஷனைக் குறைப்பது, 2020-21இல் 40 சதவீதம் வெட்டியதுபோல, பெருந்தொற்றுக் காலத்துக்குச் சரி. ஒரு வார மழைக்கு வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் லீவு என்றால் நடந்து வருகிற பள்ளிக்கு அரை மணி, பஸ்ஸை நம்பிய பள்ளிக்கு மாதம் ஒரு சனி. எதுவென்று அந்தந்தத் தலைமை ஆசிரியரே முடிவெடுக்கட்டும். ஒரு வாரத்தைத் தாண்டினால் தேர்வைத் தள்ளிவைத்தே ஆகவேண்டும். இதில் அரசுப் பள்ளிக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு: வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு அதுதான் நிவாரண முகாம். தனியார் பள்ளி திறந்த பிறகும் இங்கே வகுப்பறையில் பாய் விரித்திருக்கும். அவர்கள் வீடு திரும்பி, அறைகளைக் கழுவிவிட்ட பிறகுதான் பாடம். மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஈடுசெய் பட்டியல் போடுபவர்கள் இந்தப் பள்ளிகளுக்குத் தனித் தேதி கொடுக்க வேண்டும்.