டாம்பாவின் ‘எல் ரெலோ’ சுருட்டாலையும் ஈபோர் சிட்டி அருங்காட்சியகமும்

ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகருக்குச் சுற்றுலா செல்பவர்களில் பலர், ஈபோர் சிட்டியின் ஏழாவது நிழற்சாலையில் கியூபக் காப்பி அருந்திவிட்டு, தெருவில் தம் விருப்பம்போல் திரியும் சேவல்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அமெரிக்காவில் சுருட்டுத் தொழில் எப்படி வளர்ந்து எப்படித் தேய்ந்தது என்று அறிய விரும்புகிறவர், வடக்கே சற்றுத் தள்ளி நிற்கும் ஜே.சி. நியூமன் ஆலைக்கும், ஒன்பதாவது நிழற்சாலையில் உள்ள ஈபோர் சிட்டி அரசு அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இந்த ஊர் ஒரு தொழிலதிபரின் கணக்கில் பிறந்தது. ஸ்பெயினின் வலென்சியாவில் 1818-இல் பிறந்த விசென்ட்டே மார்ட்டினெஸ் ஈபோர், ஹவானாவில் சுருட்டு செய்து பெயர் பெற்றவர். கியூப விடுதலைப் போராளிகளுக்கு ஆதரவு காட்டியதால் 1869-இல் கீ வெஸ்ட் தீவுக்குத் தப்பி வந்து அங்கே ஆலை தொடங்கினார். தொழிலாளர் தகராறும் நன்னீர்ப் பற்றாக்குறையும் அங்கிருந்தும் அவரைக் கிளப்ப, 1885-இல் டாம்பாவுக்கு வடகிழக்கே நாற்பது ஏக்கர் நிலம் வாங்கினார். ஹவானாவிலிருந்து இலை வந்திறங்க அருகிலேயே துறைமுகம், செய்த சரக்கை வடக்கே அனுப்பச் சற்று முன்புதான் வந்து சேர்ந்திருந்த ரயில், இலை காய்ந்து நொறுங்காமல் காக்கும் ஈரக்காற்று ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. 1929-இல் டாம்பா உச்சத்தைத் தொட்டபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடிச் சுருட்டுகள் அங்கிருந்து போயின.

அக்காலத்து ஆலைகளில் இன்றும் சுருட்டு செய்துகொண்டிருப்பது நியூமன் ஆலை ஒன்றுதான். 1910-இல் கட்டப்பட்ட இந்தச் செங்கல் கட்டடத்தின் மணிக்கூண்டைப் பார்த்தே ஊரார் இதற்குக் கடிகாரம் என்று பொருள்படும் ‘எல் ரெலோ’ என்ற பெயரை வைத்தார்கள். நியூமன் நிறுவனம் இதில் பின்னால் குடியேறியது: ஹங்கேரியிலிருந்து குடிபெயர்ந்த ஜூலியஸ் சீசர் நியூமன் 1895-இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய தொழில் அது, 1950-களின் நடுவில்தான் டாம்பாவுக்கு வந்தது. உள்ளே போனதும் கண்ணில் படுபவை வரிசை வரிசையான சன்னல்கள். இலையின் நிறத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் பிரிக்க நிழல் விழாத சீரான வெளிச்சம் வேண்டும் என்பதால், டாம்பாவின் சுருட்டாலைகள் கிழக்கு மேற்காக நீண்டு, வடக்கிலும் தெற்கிலும் சன்னல் வைத்துக் கட்டப்பட்டன.

வழிகாட்டியுடன் சுற்றிவரும்போது என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தவை 1930-களைச் சேர்ந்த இயந்திரங்கள். ஒரு பெண்மணி, சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றும் ஈரப்பதமான மேலிலையை எடுத்து, சிறு துளைகள் நிறைந்த உலோகத் தட்டின்மேல் விரித்து, விரல்களால் சுருக்கம் நீக்குகிறார். தட்டு காற்றை உறிஞ்சி இலையை அப்படியே பிடித்துக்கொள்ள, கத்தி இறங்கி வேண்டிய வடிவில் அறுக்கிறது. எங்கே நரம்பு தடிக்கிறது, எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்து இலையைத் திருப்பி வைப்பது இன்னமும் மனிதக் கைதான். கையால் சுருட்டும் பகுதியில் இந்த வேலை முழுவதும் ஒருவரே செய்வதைப் பார்க்கலாம்: உள்ளே வைக்கும் இலைகளைக் காற்று புகும்படி மடித்து அடுக்கி, மற்றோர் இலையால் கட்டி, மர அச்சில் இறுக்கி, கடைசியாக மேலிலையைச் சாய்வாகச் சுற்றித் துளிப் பசையால் முனையை ஒட்டுகிறார்கள். புகைக்காதவர்களும் தயங்காமல் போகலாம். ஆனால் பதப்படுத்திய புகையிலையின் நெடி சட்டையில் ஏறாமல் விடாது.

இயந்திரங்களின் வியப்பில் மறந்துவிடக்கூடிய கதையை அரசு அருங்காட்சியகத்தில் தேடிப் படிக்க வேண்டும். சுருட்டாலைகளில் உயரமான மேடையில் அமர்ந்து, வேலை செய்பவர்களுக்கு உரக்கப் படித்துக்காட்டும் வாசகர் ஒருவர் இருந்தார். 1865-இல் ஹவானாவில் தொடங்கிய வழக்கம் இது. காலையில் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்த நாவல் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்தவர்களும், வாசகருக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் தொழிலாளர்களே. படிக்கத் தெரியாதவரும் செர்வாண்டஸையும் விக்டர் யூகோவையும் காதால் அறிந்திருந்தார். கியூபக் கவிஞரும் விடுதலைத் தலைவருமான ஹொசே மார்ட்டி நாட்டின் விடுதலைக்கு நிதி திரட்ட 1891-இல் இவ்வூருக்கு வந்தபோது, அவர் பேச்சைக் கேட்கப் பழகிய கூட்டம் ஒன்று காத்திருந்ததில் வியப்பில்லை. அதே வாசிப்பு தீவிர அரசியலைப் பரப்புகிறது என்று 1931-இல் முதலாளிகள் வாசகர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் மேடைகள் மீளவில்லை, அவற்றின் இடத்தில் வானொலி வந்தது. நான் இந்த அருங்காட்சியகத்தைப் பரிந்துரைப்பதே இந்தப் பகுதிக்காகத்தான்.

அருங்காட்சியகம் இருப்பது ஃபெர்லிட்டா குடும்பத்தின் பழைய ரொட்டிச் சாலையில். அதன் செங்கல் அடுப்புகள் அப்படியே இருக்கின்றன. அன்றைக்கு நீளமான கியூப ரொட்டியை விடியற்காலையில் வீடு வீடாகக் கொண்டுபோய், வாசலில் அடித்திருக்கும் ஆணியில் குத்திவிட்டுப் போவார்களாம். பக்கத்தில் நிற்கும் மரவீடுகள் சுருட்டுத் தொழிலாளர் குடியிருந்த வகையைச் சேர்ந்தவை. குறுகலானவை, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் கொண்டவை.

நினைவுப்பொருள் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஏழாவது நிழற்சாலையின் கடை ஒன்றில் ‘கியூப’ என்ற சொல்லைப் பெரிதாகவும் ‘விதை’ என்ற சொல்லைப் பொடியாகவும் அச்சிட்ட பெட்டியை என்னிடம் நீட்டினார்கள். 1962-இல் கென்னடி விதித்த வணிகத் தடைக்குப் பிறகு அமெரிக்கக் கடைகளில் கியூபச் சுருட்டு சட்டப்படி விற்பனைக்கு வருவதில்லை. கியூப மரபின் விதையை நிகராகுவாவிலோ டொமினிக்கன் குடியரசிலோ விதைத்து எடுத்த இலையே பெட்டிக்குள் இருக்கும். சரக்கு மோசம் என்று சொல்ல வரவில்லை, விலைதான் பெயருக்கு ஏற்றபடி ஏறியிருந்தது.

நகர மையத்திலிருந்து ஈபோர் சிட்டிக்கு டிராம் வண்டி கட்டணமின்றி ஓடுகிறது. ஆலைச் சுற்றுக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வேலை நாளில் போனால்தான் இயந்திரங்கள் ஓடுவதைக் காணலாம். அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு ஆலைக்குப் போங்கள்.