நியூவர்க் பேர்ஸா, மாண்ட்ரியல் ராயல்ஸா: எந்தக் கதையை முதலில் படிப்பது?

கலைந்துபோன மைனர் லீக் (உச்ச லீக்கான மேஜர் லீக் அணிகளுக்கு வீரர்களை வளர்க்கும் கீழ்நிலை லீக்) பேஸ்பால் அணிகளைப் பற்றிப் படிக்க உட்காருபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டுமே இன்டர்நேஷனல் லீக் என்ற மைனர் லீக்கில் ஆடிய அணிகள்.

யாருக்காக வீரர்களை வளர்த்தன?
நியூவர்க்: நியூயார்க் யாங்கீஸுக்கு.
மாண்ட்ரியல்: 1939 முதல் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு.

உச்சம்
நியூவர்க்: 1937. 109 வெற்றி, 43 தோல்வி. கொலம்பஸ் அணியுடனான இறுதித் தொடரில் சொந்த மைதானத்திலேயே முதல் மூன்று ஆட்டமும் போனது. அப்புறம் கொலம்பஸுக்கே போய் வரிசையாக நான்கையும் வென்றார்கள்.
மாண்ட்ரியல்: 1946 ஏப்ரல் 18, ஜெர்சி சிட்டி. கறுப்பின வீரர்களைப் பல பத்தாண்டுகளாக ஒதுக்கிவைத்த களத்தில் மாண்ட்ரியலுக்காக ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் இறங்கினார். முதல் வாய்ப்பில் அவுட். மூன்றாவது இன்னிங்ஸில் இருவர் பேஸில் நிற்க, ஹோம் ரன் (எல்லாப் பேஸ்களையும் சுற்றி வரவைக்கும் அடி). சுற்றி வந்தவருக்கு ஹோம் பிளேட்டில் காத்திருந்து கைகொடுத்தவர் ஜார்ஜ் ஷூபா என்ற வெள்ளை வீரர். அந்தப் புகைப்படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆட்டத்தை மாண்ட்ரியல் 14-1 என வென்றது.

முடிவு
நியூவர்க்: 1949-உடன் சரி.
மாண்ட்ரியல்: 1960 வரை.

அசுர பலம் கொண்ட ஓர் அணி எப்படி உருவாகிறது என்று அறிய ஆசையா? நியூவர்க்கை எடுங்கள். ஒரு விளையாட்டு எப்படி மனம் மாறியது என்று தெரிய வேண்டுமா? மாண்ட்ரியல், என் தேர்வும் அதுதான். நியூவர்க்கைப் படிப்பவர்கள் பேர்ஸின் சொந்த மைதானமான அதே ரூபர்ட் மைதானத்தில் ஆடிய நியூவர்க் ஈகிள்ஸ் என்ற கறுப்பின அணியையும் சேர்த்தே படியுங்கள். 1946-இல் கறுப்பின லீக்குகளின் இறுதித் தொடரான நீக்ரோ வேர்ல்டு சீரிஸை வென்றது அந்த அணி.